பத்தாயிரம் காலடி

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் படித்துவந்த மாணவர்கள் பலரின் மணிக்கட்டில், 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது, ஃபிட்பிட் பட்டை கட்டியிருந்தது. பார்வைக்குக் கைக்கடிகாரம் மாதிரிதான் இருக்கும். உள்ளே அரிசி மணியைவிடச் சின்னதாக ஒரு சில்லு. நடக்கும்போது கை முன்னும் பின்னும் வீசுகிறதல்லவா, அந்த வீச்சை அது உணரும். தலை சீவுவதற்கும் நடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தாளத்தை வைத்துப் பிரிக்கும். நடை என்று தோன்றினால் கணக்கில் கூட்டிக்கொள்ளும். இரவில் உடல் அசைவு அடங்குவதையும் இதயத்துடிப்பு தணிவதையும் வைத்து, எப்போது தூங்கினார், எப்போது எழுந்தார் என்று குறித்துவைக்கும்.

இந்தப் பட்டைகள் கொரோனாவுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஓசியா ஜுன்டெல்லா, கெல்லி ஹைட், சில்வியா சக்கார்டோ, சாலி சாடாஃப் என்ற நான்கு பொருளாதார ஆய்வாளர்கள், இளைஞர்களின் அன்றாடப் பழக்கங்களை அறிய, தொற்று வருவதற்கு முன்பிருந்தே மாணவர்களைத் தொகுதி தொகுதியாகப் பின்தொடர்ந்து வந்தார்கள். நடுவில் உலகம் நின்றுபோனது. வெள்ளம் வரப்போவது தெரியாமலே ஆற்றில் அளவுகோல் நட்டுவைத்தவர்களைப் போல ஆனார்கள் அவர்கள். வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் படிந்த கறையைப் பார்த்து உயரம் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நீர் ஏற ஏறக் கூடவே அளந்தவர்கள் மிகச் சிலர்தான். கொரோனாக் காலத்து மாணவர் மனநிலை பற்றி வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை முதல் வகை. அதனால்தான் 682 மாணவர்களின் இந்தக் கணக்கு எனக்கு இவ்வளவு அருமையாகப் படுகிறது.

அந்தக் கணக்கு சொன்னது இது. நாளொன்றுக்குச் சராசரியாகப் பத்தாயிரம் அடி நடந்துகொண்டிருந்தவர்கள், ஊரடங்கு தொடங்கியதும் 4,600 அடிக்கு இறங்கினார்கள். பிறரோடு கூடியிருக்கும் நேரம் பாதிக்கும் கீழே போய், அரைமணி நேரம்கூட இல்லை என்றானது. திரை பார்க்கும் நேரம் இரண்டு மடங்குக்கும் மேலாகி ஐந்து மணி நேரத்தைத் தாண்டியது. தூக்கம் மட்டும் கூடியது, இரவுக்கு 25 முதல் 30 நிமிடம் வரை.

காணாமல்போன அந்த 5,400 அடியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். நம் ஊர்க் கல்லூரியாக வைத்துக்கொள்வோம். விடுதி அறையிலிருந்து மெஸ்ஸுக்கு. அங்கிருந்து வகுப்புக்கு. வகுப்பிலிருந்து ஆய்வகத்துக்கு; ரெக்கார்டு நோட்டை மறந்துவிட்டதால் மறுபடி அறைக்கு. நூலகம், ஜெராக்ஸ் கடை, டீக்கடை, பேருந்து நிறுத்தம். இவற்றில் ஒன்றுகூட உடற்பயிற்சி இல்லை. யாரும் ஆரோக்கியத்துக்காக நடந்த நடையில்லை. எங்கோ போகவேண்டியிருந்தது, போனார்கள். போகும் இடம் இல்லாமல் போனதும் கால் நின்றுவிட்டது.

பட்டை நடையை அளந்தது. மனத்தை அளக்க வினாத்தாள் இருந்தது. கடந்த நாட்களில் எத்தனை நாள் எதிலும் மனம் ஒட்டவில்லை, எத்தனை நாள் சாப்பாடு இறங்கவில்லை, எத்தனை நாள் எல்லாமே பெரும்பாடாக இருந்தது என்கிற ரீதியில் கேள்விகள். விடைகளைக் கூட்டினால் வரும் எண் ஓர் எல்லையைத் தாண்டினால் மனச்சோர்வு நோய்க்கான அபாயத்தில் இருக்கிறார் என்று பொருள். நோய் இருக்கிறது என்ற முடிவை மருத்துவர்தான் சொல்லவேண்டும். காய்ச்சல்மானி சூட்டைச் சொல்லுமே தவிர, டைபாய்டா என்று சொல்லாது. அந்த எல்லையைத் தாண்டியவர்கள் 2020 மார்ச் முதல் ஜூலை வரையிலான மாதங்களில் நூற்றுக்கு 46 பேர் என்பதிலிருந்து 61 பேர் என்பது வரை இருந்தார்கள். உச்சத்தில் பார்த்தால், இதே மாணவர்களிடம் தொற்றுக்குச் சற்று முன்பு இருந்ததைவிட 90 சதவீதம் அதிகம்.

இதே காலத்தில் நியூ ஹாம்ப்ஷயரின் ஹேனோவர் என்ற சிற்றூரில் உள்ள டார்ட்மவுத் கல்லூரியிலும் இப்படி ஓர் அளவுகோல் ஏற்கெனவே நட்டிருந்தது. அங்கே பட்டைக்குப் பதில் மாணவர்களின் கைப்பேசி. ஆண்ட்ரூ கேம்பெல் என்ற கணினி அறிவியல் பேராசிரியர் 2013-இல் 48 மாணவர்களின் சம்மதத்தோடு கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றி, பத்து வாரம் பார்த்தார். பருவம் தொடங்கும்போது மாணவர்கள் நன்றாகத் தூங்கி, நிறையப் பேசி, தெம்பாக இருக்கிறார்கள். பாடச் சுமை ஏற ஏறத் தூக்கமும் பேச்சும் நடமாட்டமும் குறைகின்றன, மன அழுத்தம் கூடுகிறது. கடல் ஏற்றவற்றம் போல ஒவ்வொரு பருவத்துக்கும் இந்த ஓட்டம் உண்டு என்று காட்டினார். பின்னாளில் அதே வழியில் தொடர்ந்த ஆய்வில் இருந்த 217 பேரின் 2020 குளிர்காலப் பருவக் கணக்கு, முந்தைய பருவங்களோடு சேரவே இல்லை. உட்கார்ந்தே இருந்த நேரம் கூடியிருந்தது. வாராவாரம் கைப்பேசியில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கான பதில்களில் பதற்றமும் சோர்வும் கூடியிருந்தன. செய்திகளில் கொரோனாவின் பெயர் அதிகமாக அடிபட்ட நாட்களில் கைப்பேசிப் பயன்பாடு ஏறியது, நடமாட்டம் குறைந்தது, போய்வந்த இடங்களின் எண்ணிக்கை சுருங்கியது. தலைப்புச் செய்தி ஒன்று இருபது வயதுப் பிள்ளையின் காலடியில் பதிவாகும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

தூக்க விஷயம் என்னை நிறைய நேரம் யோசிக்க வைத்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 139 மாணவர்களிடம் எடுத்த கணக்கும் பிட்ஸ்பர்க்கோடு ஒத்துப்போகிறது. ஊரடங்கில் வார நாட்களில் அரைமணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். தூங்கும் நேரம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போனது. எழுவது அதைவிடத் தள்ளிப்போனது. வார நாளில் ஒரு நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நேரம் என்று உடலின் கடிகாரம் இழுபடுவது குறைந்தது. இளம் வயதில் உடற்கடிகாரமே சற்றுப் பின்தங்கி ஓடும். நள்ளிரவு தாண்டித் தூக்கம் வருவது சோம்பேறித்தனம் அல்ல, உடலியல். எட்டரை மணி வகுப்புதான் அதற்கு எதிராக நின்றது. ஆக, தூக்க மருத்துவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஊரடங்கில் தானாகவே கிடைத்துவிட்டது. கூடுதல் தூக்கம், சீரான தூக்கம். அப்படியும் மனம் சோர்ந்தது.

அப்படியானால் நடைதான் காரணமா? பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் எண்களை எப்படிப் புரட்டினாலும் நடைதான் முன்னால் வந்து நின்றது. யாருடைய நடை அதிகமாக உடைந்ததோ அவர்களிடம்தான் மனச்சோர்வு அபாயம் அதிகம். சாதாரணமாக ஒரு கட்டுரை இங்கே முடிந்திருக்கும். "மாணவர்களே, நடங்கள்" என்று செய்தித்தாளில் தலைப்பும் வந்திருக்கும். ஆனால் அவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். மாணவர்களைச் சீட்டுக் குலுக்கிப்போட்ட மாதிரி இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணிக்கு மட்டும் குறிப்பிட்ட அடிகள் நடந்தால் பணம் என்று அறிவித்தார்கள். அந்த அணி நடந்தது. அடிகளின் எண்ணிக்கை நன்றாகவே ஏறியது. மனச்சோர்வின் அளவோ குறிப்பிடும்படி குறையவில்லை.

இதைப் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். உறவு இருக்கிறது, ஆனால் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் மற்றது திரும்பவில்லை. உடற்பயிற்சி மனச்சோர்வுக்கு நல்லது என்பதற்கு வேறு சான்றுகள் நிறைய உண்டு, அதை இந்தச் சோதனை பொய்யாக்கவில்லை. குறுகிய காலச் சோதனைதான் இது என்பதையும் மறக்கக்கூடாது. ஆனாலும் அது ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. காலடி தனியாக வரும் பொருளில்லை. தேரோடும்போது சக்கரம் சுழலும். சக்கரத்தை மட்டும் சுழற்றிவிட்டால் தேர் வீதிக்கு வந்துவிடாது. அந்தப் பத்தாயிரம் அடியில் வேறு ஏதோ ஏறி வந்துகொண்டிருந்தது. அது என்ன?

வழியில் எதிர்ப்பட்ட முகங்கள் என்பது என் ஊகம். அதற்கு ஆதாரமாக நான் காட்டக்கூடியது கொரோனாவுக்கு ஆறு ஆண்டு முன்பு, 2014-இல் வெளியான ஓர் ஆய்வு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் செய்தது. மாணவர்களிடம் இரண்டு எண்ணிகளைக் கொடுத்தார்கள். பேருந்து நிலையக் கூட்டத்தை எண்ணுபவர்கள் கட்டைவிரலால் 'க்ளிக்' செய்வார்களே, அந்தச் சின்ன இயந்திரம். நெருங்கிய நண்பர், வீட்டார் என்று யாரோடு பேசினாலும் ஒன்றை அழுத்தவேண்டும். முகம் மட்டும் தெரிந்தவர்களோடு ஒரு வார்த்தை பேசினாலும் மற்றதை அழுத்தவேண்டும். பின்வரிசையில் உட்காருகிறவர், கேண்டீனில் சில்லறை கொடுக்கிறவர், வழியில் தலையசைக்கிறவர். நாள் முடிவில் மனநிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், வகுப்பில் சக மாணவர்களோடு வழக்கத்தைவிட அதிகமாகப் பேசிய நாளில் மாணவர்கள் அதிக மகிழ்ச்சியாக இருந்தார்கள், நானும் இந்த இடத்தைச் சேர்ந்தவன் என்ற உணர்வு கூடியிருந்தது. பெயர்கூடத் தெரியாத உறவுகள் இவை. சமூகவியலில் இவற்றைப் பலவீனமான பிணைப்புகள் என்று மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதினார். வேலை கிடைப்பதற்கு இவை எப்படி உதவுகின்றன என்பது அவருடைய அக்கறை. நாளொன்றை நகர்த்தவும் இவை உதவுகின்றன என்பதை அந்த ஆய்வு காட்டியது.

ஊரடங்கில் நெருங்கிய நண்பர்கள் எங்கும் போய்விடவில்லை. கைப்பேசியில் இருந்தார்கள். வீட்டார் இன்னும் நெருக்கமாகவே இருந்தார்கள், சில வீடுகளில் தாங்கமுடியாத அளவுக்கு. ஒரே நாளில் மொத்தமாகத் துடைத்தெறியப்பட்டது முகம் தெரிந்தவர்களின் உலகம்தான்.

மனிதர் முகம் இல்லாமல் போவதை மூளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதற்கும் ஒரு விடை ஊரடங்கு ஆண்டிலேயே வந்தது. எம்ஐடியில் லிவியா டொமோவா, ரெபெக்கா சாக்ஸ் குழுவினர் நாற்பது பேரைக் கைப்பேசி இல்லாமல் பத்து மணி நேரம் தனியறையில் இருக்கவைத்தார்கள். இன்னொரு நாள் அதே நபர்களைப் பத்து மணி நேரம் பட்டினி போட்டார்கள். இரண்டு நாட்களிலும் மாலையில் மூளையை ஸ்கேன் செய்தபடி படங்கள் காட்டினார்கள். நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதி உண்டு. டோபமைன் சுரக்கும் நரம்புகளின் இருப்பிடம், வேட்கையின் ஊற்று என்றே சொல்லலாம். பட்டினி நாளில் சாப்பாட்டுப் படத்தைக் கண்டு அது கிளர்ந்தது. தனிமை நாளில் மனிதர்கள் கூடிச் சிரித்திருக்கும் படத்தைக் கண்டு கிளர்ந்தது. இரண்டு கிளர்ச்சியும் ஒரே சாயலில் இருந்தன. தனிமையும் ஒரு பசி என்று நாம் பேச்சுக்குச் சொல்வதுண்டு. உடம்பும் அதைப் பசிக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறது. சோதனைகள் தொற்றுக்கு முன்பே நடந்துவிட்டன. கட்டுரை வெளியான 2020 நவம்பரில் உலகமே அந்தத் தனியறையில் இருந்தது.

ஆன்லைன் வகுப்பு அந்தப் பசிக்குச் சோறாகவில்லை. பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே உள்ள இடைவெளி ஏறக்குறைய 0.2 நொடிதான் என்று கண்டது. ஒரு சொல்லை மூளையில் எடுத்து நாக்குக்குக் கொண்டுவரவே அதைவிட அதிக நேரம் ஆகும். அப்படியென்றால் எதிரிலிருப்பவர் முடிக்கும் முன்பே அவர் எங்கே முடிப்பார் என்று கணித்து நாம் தயாராகிவிடுகிறோம். கண், மூச்சு, தோள் அசைவு எல்லாம் அதற்கான துப்பு. இணையத்தின் தாமதமும் அணைத்துவைத்த கேமராவும் இந்தத் துப்புகளைத் தின்றுவிடுகின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெயிலன்சன் 2021-இல் காணொளி அயர்ச்சிக்கு நான்கு காரணம் சொன்னார். மிக அருகில் தெரியும் கண்கள், நாள் முழுக்கத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, ஒரே இடத்தில் உடல் கட்டுண்டிருப்பது, சைகைகளை அனுப்பவும் படிக்கவும் மனம் படும் கூடுதல் பாடு.

அப்போது நான் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். திரையில் அறுபது கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒற்றை எழுத்து. வருகைப் பதிவு எடுத்தால் 'பிரசன்ட் சார்', 'பிரசன்ட் சார்' என்று சாட் பெட்டியில் மழைபோல விழும். தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா தந்தது. 9 லட்சத்து 69 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அதற்குரியவர்கள். டேட்டா வந்தும் கேமரா திறக்கவில்லை. பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர் அறையில் நாங்கள் பேசிக்கொண்டோம். ஒருநாள் ஒரு மாணவன் பேசிவிட்டு மைக்கை அணைக்க மறந்துவிட்டான். அவன் வீட்டில் தறி ஓடும் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது. யாரோ சிரிக்கும் குறி ஒன்றைப் போட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பருவம் முழுவதும் அவன் மைக்கைத் திறக்கவே இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கேமராவை ஏன் அணைத்துவைக்கிறீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டபோது, தோற்றம் குறித்த கூச்சமே முதல் காரணமாக வந்தது. பின்னால் தெரியும் வீடும் ஆட்களும் பற்றிய தயக்கமும் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருந்தது. கல்லூரி என்பது வீட்டைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்துவிட்டு எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம். ஆன்லைன் வகுப்பு ஒவ்வொருவரின் வீட்டையும் அவரவர் முதுகில் ஏற்றி அனுப்பியது. நாங்கள் அக்கறையின்மை என்று படித்தது வெட்கம். அதை அப்போதே புரிந்துகொள்ளாதது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இந்த வயதில் இந்த அடி ஏன் ஆழமாக இறங்குகிறது என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. வாழ்நாளில் மனநோய் வரக்கூடியவர்களில் பாதிப்பேருக்கு 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள்ளும் அது தலைகாட்டிவிடுகிறது என்று ரொனால்டு கெஸ்லர் குழுவினர் 2005-இல் எழுதினார்கள். கல்லூரிக் காலம் அந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. பிரான்சில் 2020 ஏப்ரல், மே மாதங்களில் 69,054 பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டபோது, கடும் மன உளைச்சல், பதற்றம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் போன்றவற்றில் ஒன்றாவது இருப்பதாகச் சொன்னவர்கள் 42.8 சதவீதம். வருமானம் இழந்தவர்கள், வசதியற்ற இடத்தில் அடைபட்டவர்கள், பேச ஆளில்லாதவர்கள் அதில் அதிகம். இப்படிச் சொன்னவர்களில் மருத்துவரையோ ஆலோசகரையோ பார்த்தவர்கள் 12.4 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் அறைக்குள்ளேயே அதோடு உட்கார்ந்திருந்தார்கள். நம் நாட்டில் டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416, 2022 அக்டோபரில்தான் வந்தது. இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். இதைப் படிக்கும் மாணவர் யாருக்காவது அந்தப் பசி இன்னும் அடங்கவில்லை என்றால், சாவு பற்றிய எண்ணம் ஒருமுறை வந்துபோயிருந்தாலும், இன்றே அழையுங்கள்.

கல்லூரி திறந்த பிறகு தறிவீட்டு மாணவனை வராந்தாவில் பார்த்தேன். குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. எப்படி இருந்தது வீட்டில் என்று கேட்டேன். நண்பர்களோடு தினமும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தானாம். "ஆனா சார், பஸ்ல கூட வர்றவங்க யார் நம்பரும் என்கிட்ட இல்லையே" என்றான். இரண்டு ஆண்டாக நான் ஆய்வுக் கட்டுரைகளில் தேடிக்கொண்டிருந்ததை, மணி அடிப்பதற்குள் அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்தப் பருவத்தில், விட்டுப்போன பாடங்களை ஈடுகட்டுவதற்காக, எங்கள் கல்லூரியில் காலை இடைவேளையை இருபது நிமிடத்திலிருந்து பத்தாகக் குறைத்தார்கள். பல கல்லூரிகளில் இப்படித்தான் நடந்தது என்று கேள்விப்பட்டேன். சில இடங்களில் வராந்தாவில் நின்று பேசினால் அபராதமும் உண்டு. கால அட்டவணை போடும் கையிடம் ஒரு வேண்டுகோள்: அந்தப் பத்து நிமிடத்தைத் திருப்பிக் கொடுங்கள். வராந்தாவில் அவர்கள் நின்றுகொண்டிருக்கட்டும்.